பச்சை முத்திரை பதித்த கோழித் துண்டுகள்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

பாளையங்கோட்டையிலுள்ள எங்கள் வீட்டில் கன்னி இனத்துப் பெட்டை நாய் ஒன்றும், மழைக்கு ஒதுங்க வந்து அப்படியே தங்கிவிட்ட நாட்டு நாய் ஒன்றும் வளர்கின்றன. இரண்டுக்கும் அன்றாட உணவு, கோழி ஈரலோ எலும்பு நீக்கிய இறைச்சியோ சேர்த்துக் குழைய வேகவைத்த சோறுதான். ஆனால் கடித்து மெல்ல ஏதாவது இல்லாவிட்டால் கன்னிக்குப் பொழுது போவதில்லை. செருப்பு, கதவு விளிம்பு, துணி துவைக்கும் பிரஷ் என்று எதையும் விட்டுவைக்காது. ஆகவே உலர்த்திய கோழித் துண்டு, ஆட்டுக் காது, மாட்டுத் தோல் சுருள் போன்றவற்றைக் கடையில் வாங்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். கடந்த தை மாதம் முதல் ஆனி வரை, கதிர்வீச்சு முறையில் பதப்படுத்தப்பட்டது என்று அச்சிட்டு, வட்டத்துக்குள் இரண்டு இலையும் ஒரு புள்ளியும் வரைந்த பச்சை முத்திரை பதித்த கோழித் துண்டுகளை வாங்கிப் பயன்படுத்தினோம். 200 கிராம் பாக்கெட் 340 ரூபாய். அதே கடையில் அதே எடையுள்ள சாதாரணப் பாக்கெட் 230 ரூபாய். கூடுதலாகக் கொடுக்கும் 110 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் எடைபோட விரும்புவது பதப்படுத்தும் முறையை என்பதாலும், சில குறைகளைச் சொல்ல வேண்டியிருப்பதாலும், தயாரித்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் பாக்கெட்டை எடுத்தபோது கடைக்கார அண்ணாச்சியே தயங்கினார். "தம்பி, இது கதிர் பாய்ச்சுன சரக்கு. கூடங்குளத்துப் பக்கத்துல இருந்து வாறவங்க இந்தப் பேரைப் பாத்த உடனே திருப்பி வச்சிட்டுப் போயிருதாங்க. நீங்க படிச்சுப் பாத்துட்டு எடுங்க" என்றார். வீட்டில் அம்மாவும், "ஏய்யா, வாயில்லாச் சீவனுக்கு இதையா வாங்கிட்டு வந்த?" என்று வருந்தினார். இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கூடங்குளம் அணுமின் நிலையம் நம் மாவட்டத்தில்தான் நிற்கிறது. அதன் முதல் உலை 2013-இல் மின்கட்டமைப்புடன் இணைக்கப்படுவதற்கு முன்பும் பின்பும் இடிந்தகரை மக்கள் நடத்திய போராட்டத்தை அறியாத குடும்பம் இந்தப் பக்கத்தில் இல்லை. கதிர்வீச்சு என்ற சொல் மற்ற ஊர்களில் பாடப்புத்தகச் சொல்லாக இருக்கலாம். இங்கே அது கடற்கரையோரத்து வீடுகளின் சொல். ஆகவே பொருளைப் பற்றிச் சொல்லுமுன், அந்தப் பாக்கெட்டுக்கு உண்மையில் என்ன செய்யப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கதிரியக்கம் வேறு, கதிர்வீச்சு வேறு. தானாகக் கதிர்களை உமிழும் பொருளின் தன்மை கதிரியக்கம். அப்படி உமிழப்பட்ட கதிர் இன்னொரு பொருளின் மீது பட்டு ஊடுருவிச் செல்வது கதிர்வீச்சு. பதப்படுத்தும் நிலையத்தில், தடித்த கான்கிரீட் சுவர்களுக்கு நடுவேயுள்ள ஆழமான நீர்த்தொட்டிக்குள் காமாக் கதிர்களை உமிழும் கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் அடங்கிய குச்சிகள் வைக்கப்பட்டிருக்கும். வேலை நடக்கும்போது அவற்றை நீருக்கு மேலே உயர்த்துவார்கள். ஏற்கெனவே ஒட்டி மூடப்பட்ட பாக்கெட்டுகள் அட்டைப்பெட்டிகளோடு அவற்றைச் சுற்றி நகர்ந்து செல்லும். குச்சிகள் இருக்கும் உறைக்குள்ளிருந்து எந்தத் துகளும் உணவில் வந்து ஒட்டுவதில்லை. கதிர் மட்டுமே ஊடுருவுகிறது. அந்தக் காமாக் கதிர்களின் ஆற்றல் 1.17 மற்றும் 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். இறைச்சியிலுள்ள அணுக்களின் கருவை மாற்றி அதைக் கதிரியக்கப் பொருளாக்க இந்த ஆற்றல் போதாது. மொட்டைமாடியில் வெயிலில் காய்ந்த மோர்மிளகாய் வத்தல் இரவில் வெயிலை வீசுவதில்லை என்று அம்மாவுக்குச் சொன்னேன். அந்த ஒப்புமை அவருக்கு ஓரளவு பிடித்தது. கோபால்ட்-60 கூடங்குளத்தில் உருவாவதுமில்லை. ராஜஸ்தானின் ராவத்பாட்டாவில் உள்ளவை போன்ற கனநீர் உலைகளில்தான் நம் நாட்டில் அதை உருவாக்குகிறார்கள்; கூடங்குளத்தில் இருப்பவை சாதாரண நீரைப் பயன்படுத்தும் வேறு வகை உலைகள்.

உணவு உட்கொள்ளும் கதிர் ஆற்றலை கிலோகிரே என்ற அலகில் அளக்கிறார்கள். 10 கிலோகிரே என்பது பெரிய எண்ணாகத் தோன்றினாலும், அவ்வளவு ஆற்றலையும் தண்ணீர் வாங்கிக்கொண்டால் அதன் வெப்பம் ஏறத்தாழ 2.4 டிகிரி செல்சியஸ் மட்டுமே உயரும். எனவேதான் உணவை வேகவைக்காமல், பிளாஸ்டிக் உறையை உருக்காமல், உள்ளே இருக்கும் உயிரிகளை மட்டும் இதனால் அழிக்க முடிகிறது. கதிர் நேரடியாகவும், நீர் மூலக்கூறுகளை உடைத்து அவற்றின் வழியாகவும், கிருமியின் மரபிழையைத் துண்டிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம், உணவு வேளாண்மை நிறுவனம், பன்னாட்டு அணுசக்தி முகமை ஆகிய மூன்றின் கூட்டு வல்லுநர் குழு, சராசரி 10 கிலோகிரே வரை பெற்ற உணவால் நச்சுத்தீங்கு இல்லை என்று 1980-இலேயே முடிவு சொன்னது. இந்தியாவில் 1994-இல் வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலாப் பொருள்கள் ஆகியவற்றுக்கு அனுமதி கிடைத்தது. 2007 முதல் அமெரிக்காவுக்குக் கப்பலேறும் நம் மாம்பழங்கள் கதிர்வீச்சு பெற்ற பிறகே போகின்றன. நம் நாட்டின் 2012-ஆம் ஆண்டு விதிகள் விலங்குணவையும் தீவனத்தையும் பட்டியலில் சேர்த்து, பூச்சிகளை ஒழிக்க 0.25 முதல் 1 கிலோகிரே வரையும், கிருமிகளைக் குறைக்க 5 முதல் 10 கிலோகிரே வரையும் வகுத்திருக்கின்றன. அமெரிக்காவில் விலங்குணவுக்கான உச்ச வரம்பு 50 கிலோகிரே. ஆய்வுக்கூட எலிகளைக் கிருமியின்றி வளர்ப்பதற்கு 25 கிலோகிரேயும் அதற்கு மேலும் பெற்ற தீவனத்தைப் பல ஆண்டுகளாகவே கொடுத்துவருகிறார்கள்.

இதெல்லாம் ஒரு நாய்த் தின்பண்டத்துக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, எங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள் என்பதே என் பதில். நாய் கடித்துப் போட்ட துண்டை எடுத்து அவள் வாயில் வைத்துக்கொள்வதை எத்தனை பேர் காவலிருந்தாலும் முழுவதும் தடுக்க முடியவில்லை. உலர்ந்த இறைச்சியில், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா என்ற கிருமி பெருகாது. ஆனால் சாகாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். நாய்கள் அந்தக் கிருமியை வயிற்றில் சுமந்துகொண்டே எந்த நோய்க்குறியும் இல்லாமல் ஓடியாடிக்கொண்டிருக்கும்; அவற்றின் எச்சிலிலும் மலத்திலும் அது வெளியேறி, தரையிலிருந்து குழந்தையின் கைக்கு வந்து சேரும். 2019-இல் அமெரிக்காவில், நாய்களுக்காக உலர்த்தி விற்ற பன்றிக் காதுகள் வழியே 150-க்கும் மேற்பட்ட மனிதர்கள் சால்மோனெல்லாவால் நோயுற்றார்கள்; பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத கிருமி அது. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து, திறந்த தட்டில் குவித்து எடைபோட்டு விற்கும் காதுகளை நான் வாங்குவதில்லை.

நம் வீடுகளில் உப்புக்கண்டம் போட்டவர்களுக்கு இதன் சிக்கல் எளிதில் விளங்கும். உப்பும் மஞ்சளும் தடவி, பங்குனி வெயிலில் சருகாகக் காயவைத்து, பிறகு எண்ணெயில் பொரித்தே உண்கிறோம். அந்தக் கடைசிப் பொரிப்புதான் நம்மைக் காக்கிறது. நாய்க்கான துண்டில் உப்பு போடுவதில்லை, போடவும் கூடாது. அதைப் பொரித்தும் கொடுப்பதில்லை. ஆலையில் நன்றாகச் சூடேற்றி உலர்த்தியிருந்தாலும், அதன்பின் ஆற வைக்கும் தட்டிலோ, அள்ளும் கையிலோ, பாக்கெட் போடும் மேசையிலோ கிருமி மறுபடியும் ஏறிக்கொள்ள வழியிருக்கிறது. கதிர்வீச்சின் உண்மையான சிறப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது: பாக்கெட்டை ஒட்டி மூடிய பிறகு செய்யப்படும் கடைசி வேலை அது, அதற்குப் பிறகு நாம் கத்தரிக்கோலால் வெட்டும்வரை உள்ளே எதுவும் புதிதாக நுழைவதில்லை.

இனி நாங்கள் கண்டது. கிருமி ஒழிந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. ஆனால் பூச்சியைப் பார்த்துச் சொல்ல முடியும். சாதாரணப் பாக்கெட் இரண்டையும் பச்சை முத்திரைப் பாக்கெட் இரண்டையும் மாசியில் ஒரே நாளில் வாங்கி, ஒரே அலமாரியில் பிரிக்காமல் வைத்திருந்தேன். சித்திரை முடிவில் சாதாரணப் பாக்கெட் ஒன்றின் அடியில் பழுப்பு நிறத் தூளும், மயிர் நிறைந்த சிறு புழுக்களும், அவை கழற்றிப் போட்ட தோலும் கிடந்தன. கருவாட்டுப் பானையில் விழும் அதே வண்டின் புழுக்கள்தான் அவை. மற்றொன்று நன்றாகவே இருந்தது. முத்திரைப் பாக்கெட்டுகள் இரண்டிலும் தூளோ துளையோ ஒன்றுமில்லை. இரண்டிரண்டு பாக்கெட்டுகளை வைத்துக்கொண்டு பெரிய முடிவு சொல்லக் கூடாது என்பதை உணர்ந்தே இதைச் சொல்கிறேன். ஆயினும் பூச்சியின் முட்டை உள்ளேயே தங்கிவிட்டாலும் அது பொரிக்காது என்ற உறுதி, கோடையில் நம் ஊரில் பெரிய உறுதி.

வாசனையில் வேறுபாடு இருக்கிறது. பாக்கெட்டைத் திறந்தவுடன், கோழியை வாட்டும்போது இறகு கருகுவதைப் போன்ற மெல்லிய வாடை வருகிறது. கெட்டுப்போனதன் வாடை அல்ல அது; இறைச்சியிலுள்ள கந்தகச் சேர்மங்கள் கதிர்பட்டு உடைவதால் எழுவது. அரை மணி நேரம் தட்டில் காற்றாட வைத்தால் பெரும்பாலும் போய்விடுகிறது. நாட்டு நாய் முதல் நாளிலிருந்தே எந்தத் தயக்கமும் இன்றித் தின்றது. கன்னி இரண்டு நாள் முகர்ந்து பார்த்துவிட்டு விலகியது. மூன்றாம் நாள் ஏற்றுக்கொண்டது. ஆறு மாதங்களில் இரண்டுக்கும் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வரவில்லை. முடியின் பளபளப்பிலும் எடையிலும் மாற்றமில்லை. துண்டுகளின் கடினத்தன்மை சாதாரணப் பாக்கெட்டைப் போலத்தான். கன்னி ஒரு துண்டை மென்று முடிக்க ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகிறது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் பெரியதும், பாக்கெட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் 18 மாத ஆயுள். கிருமி இல்லாததால் உணவு கெடாது என்ற எண்ணத்தை அந்த எண் உண்டாக்குகிறது. ஆனால் உலர்ந்த கோழித் துண்டு கெடுவது கிருமியால் மட்டும் அல்லவே. அதிலுள்ள கொழுப்பு காற்றோடும் வெப்பத்தோடும் சேர்ந்து காரலெடுக்கிறது. கதிர்வீச்சு அதைத் தடுப்பதில்லை. மாறாக, கொழுப்பு உயிர்வளியேற்றம் அடைவதை ஓரளவு தூண்டவும் செய்கிறது. வைட்டமின் ஏ, ஈ, பி1 ஆகியவையும் ஓரளவு குறைகின்றன. நல்ல தயாரிப்பாளர்கள் காற்றை வெளியேற்றியோ நைட்ரஜனை நிரப்பியோ பாக்கெட் போடுவது இதற்காகத்தான். நான் வாங்கிய பாக்கெட் அப்படி இறுக்கமாக இல்லை. உள்ளே காற்று இருந்தது. ஒரு பாக்கெட்டை மறதியாக ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழுள்ள பரணில் விட்டுவிட்டோம். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாத வெக்கையையும் அங்கேயே கழித்த அதை ஆனியில் திறந்தபோது, பழைய எண்ணெய்ச் சட்டியின் சிக்கு வாடை மூக்கில் ஏறியது. தூக்கி எறிந்துவிட்டோம். அதே நாளில் வாங்கி, கீழ்வீட்டின் உள்ளறையில் மர அலமாரியில் வைத்திருந்தது நன்றாக இருந்தது. திருநெல்வேலிக் கோடைக்கு அந்த 18 மாதம் பொருந்தாது. தயாரித்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள், குளிர்ந்த நிழலான இடத்தில் வைத்து, முடித்துவிடுவதே சரி.

இரண்டாவது, பாக்கெட்டில் சொல்லாமல் விட்டவை. மனிதர் உணவாக இருந்தால், கதிர்வீச்சு கொடுத்த தேதி, உரிம எண், எதற்காகக் கொடுக்கப்பட்டது என்ற மூன்றும் அச்சிடப்பட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இந்தப் பாக்கெட்டில் முத்திரையும் ஒற்றை வரியும் மட்டுமே இருந்தன. எத்தனை கிலோகிரே கொடுத்தார்கள் என்பதும் தெரியவில்லை. ஒரு கிலோகிரே என்றால் பூச்சிக்கு மட்டுமே பயன். சால்மோனெல்லாவுக்கு அது போதாது, அதிலும் ஈரமில்லாத பொருளில் கிருமி கூடுதலாகத் தாங்கும். 110 ரூபாய் அதிகம் வாங்கும் பொருளில் இந்த ஒரு எண்ணை அச்சிட இடமில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

கதிர்வீச்சால் ஆகாதவற்றையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். மூலப்பொருள் முன்பே பூசணம் பிடித்து அதில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு ஊறியிருந்தால், கதிர் பூசணத்தைக் கொல்லுமே தவிர நஞ்சை இந்த அளவில் அழிக்காது. வேகவைத்தாலும் அது போவதில்லை. மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் கலந்த தீனிகளில் இதுதான் என் முதல் கவலை. மூடப்பட்ட பாக்கெட்டை நாம் திறந்த பிறகும் கதிர்வீச்சு எந்தக் காவலும் தருவதில்லை. வெங்காயம் நறுக்கிய கையால் எடுத்தாலும், கோழி கழுவிய கையால் எடுத்தாலும் அந்தக் கணமே புதுக் கிருமி ஏறிவிடும். எனவே திறந்த பாக்கெட்டை இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் மாற்றி, உலர்ந்த இடுக்கியால் எடுத்துக் கொடுக்கிறோம். மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுகிறோம்.

பூனை வளர்ப்பவர்கள் இந்தப் பத்தியைக் கட்டாயம் படிக்க வேண்டும். 2008-09-இல் ஆஸ்திரேலியாவில், இறக்குமதியின்போது 50 கிலோகிரேக்கும் மேல் கதிர்வீச்சு கொடுக்கப்பட்ட ஓர் உலர் உணவைத் தொடர்ந்து உண்ட பூனைகள் பலவற்றுக்குப் பின்னங்கால்கள் தள்ளாடி, நரம்புத் தண்டும் மூளையும் பாதிக்கப்பட்டன, சில மாண்டன. அதே முறையில் கதிர்வீச்சு பெற்ற உணவை உண்ட நாய்களுக்கு அந்த நோய் வரவில்லை. வைட்டமின் ஏ அழிந்ததும் கொழுப்பிலிருந்து பெராக்சைடுகள் உருவானதும் காரணமாயிருக்கலாம் என்று ஆய்ந்தவர்கள் கருதினார்கள். 2009-இல் அந்நாடு பூனை உணவுக்குக் கதிர்வீச்சு கொடுப்பதையே தடை செய்தது. நம் விதிகளின் 10 கிலோகிரே அதைவிட மிகக் குறைவு. எப்போதாவது ஒரு துண்டைப் பூனை கவ்விக்கொண்டு போனால் பதற வேண்டியதில்லை. ஆனாலும் பூனையின் அன்றாட உணவாக இதை நான் ஒருபோதும் வைக்க மாட்டேன். எங்கள் முற்றத்துக்கு வரும் பூனைக்கு வழக்கம்போல அவித்த நெத்திலிதான்.

இதே நிறுவனம் நாய்க்கான உலர் உருண்டைத் தீனியையும் பச்சை முத்திரையோடு 3 கிலோ பையில் விற்கிறது. ஒரு பை வாங்கிப் பார்த்தேன். அதற்குக் கூடுதல் விலை தேவையில்லை என்பது என் கருத்து. உருண்டைத் தீனி, கொதிநிலைக்கு மேற்பட்ட வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிதுக்கி எடுக்கப்படுவதால் கிருமிகள் அப்போதே பெரும்பாலும் மடிகின்றன. பிறகு மேலே பூசும் கொழுப்பின் வழியாகக் கிருமி ஏறும் வாய்ப்பு இருந்தாலும், அதைக் குழந்தை கடிப்பதைவிட மெல்லும் துண்டைக் கடிப்பதே எங்கள் வீட்டில் அதிகம். மேலும் பல கடைகளில் 20 கிலோ மூட்டையைப் பிரித்துக் கிலோ கணக்கில் எடைபோட்டுத்தான் உருண்டைத் தீனியை விற்கிறார்கள். மூட்டை பிரிந்த பிறகு முத்திரைக்குப் பொருளில்லை.

பூட்டி வைத்து நாள்பட உதவும் உணவின் அருமையை எங்களுக்குக் கற்பித்தது 2023 டிசம்பர் வெள்ளம். அப்போது சிந்துபூந்துறையில் வாடகைக்கு இருந்தோம். 17-ஆம் தேதி பெய்யத் தொடங்கிய மழையில் தாமிரபரணி தெருவுக்குள் ஏறி வந்தது. கோணிப்பையிலிருந்த நாய்த் தீனி நனைந்து, மூன்றே நாளில் பச்சைப் பூசணம் பூத்துவிட்டது. கடைகள் திறக்கும்வரை எங்களுக்கு வந்த உணவுப் பொட்டலத்திலிருந்து பகிர்ந்துகொடுத்தே நாய்களைக் காத்தோம். அன்றுமுதல் ஐப்பசி பிறக்குமுன் ஒரு மாதத்துக்கான உணவை நீர் புகாத உறையில் வாங்கி உயரத்தில் வைத்துவிடுகிறேன். அடைமழைக் காலத்து ஈரத்தில் வண்டும் புழுவும் விழாமல் இருப்பதற்கு, மூடிய உறைக்குள் கதிர்வீச்சு பெற்ற துண்டுகள் மிகவும் ஏற்றவை; கோடையில் காரலெடுக்கும் குறை அந்த மாதங்களில் குறைவாகவே தொல்லை தருகிறது.

ஆகவே மெல்லும் துண்டுகளை, பேக்கிங் தேதி பார்த்து, ஒரு மாதத்துக்கு ஒரு பாக்கெட் வீதம் தொடர்ந்து வாங்குகிறேன்; குழந்தையோ முதியவரோ இருக்கும் வீடுகளுக்கு அந்த 110 ரூபாய் தகும். சிறு நாய் ஒன்றை மட்டும் வளர்ப்பவர்கள் 200 கிராமை மூன்று வாரத்தில் தீர்க்க இயலாது. 100 கிராம் பாக்கெட் வந்தால் அவர்களுக்கு உதவும். சென்ற வாரம் அண்ணாச்சியிடம் அதையும், கிலோகிரே அளவும் தேதியும் அச்சிட வேண்டும் என்பதையும் சொன்னேன். சரக்கு போடும் விநியோகஸ்தர் வரும்போது கேட்பதற்காக இரண்டையும் தம் ஆர்டர் நோட்டில் எழுதிக்கொண்டார்.